ஈப்போ வழியாக ஒரு நிறம்

ஆகஸ்ட் 1, 1993. ஞாயிறு.

காலையில் மூட்டம். பிறகு நல்ல வெயில். துணி துவைத்துக் காயப் போட்டேன். கிளிப்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாததால் பாதித் துணி முருங்கை மரத்தடியில் கிடக்கிறது. மறுபடி துவைக்க வேண்டும்.

போர்ச்சில் கார் முன்பக்கம் தூக்கியபடி நிற்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றியாயிற்று. குகன் முக்காலி போட்டு உட்கார்ந்து கம்பிப் பிரஷ்ஷால் எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தான். என் மகன். இதே தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் எஞ்சினியர். வாரம் முழுக்கத் தலைமுடியை விட மெல்லிய கம்பிகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை துரு.

அவன் அம்மா போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது. அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. முழுப் பெயரை எழுதக் கை வரவில்லை. இங்கே பு. என்று இருக்கட்டும்.

மாலை டெலிபோன். ஈப்போவிலிருந்து சாந்தினி. மகள். அங்கே கல்யாணமாகிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அப்பா, அண்ணன் பிரேக் காலிப்பருக்குப் பெயிண்ட் அடிக்கப் போறானாம். என்ன கலர்னு உங்களக் கேக்கச் சொன்னான்."

"எப்ப சொன்னான்?"

"காலையில போன் பண்ணான். நீங்க துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தீங்களாம்."

"காலிப்பர்னா என்ன?"

"எனக்கு என்ன தெரியும்பா? அவனையே கேளுங்க. எங்க இருக்கான்?"

"போர்ச்சில."

"நீங்க?"

"ஹால்ல."

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஜன்னல். திறந்துதான் இருந்தது. அவன் இருமினால் கேட்கும். கேள்வி மட்டும் கடலைத் தாண்டி ஈப்போ போய்த் திரும்பி வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 2, திங்கள்.

வெயில். அரிசி தீர்ந்துவிட்டது.

அவன் தொழிற்சாலை பஸ்ஸில் போன பிறகு போர்ச்சுக்குப் போய்ப் பார்த்தேன். காலிப்பர் என்பது நண்டுக் கொடுக்கு மாதிரி ஓர் இரும்பு. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிறது. முன்சக்கரத்துக்கு ஒன்று வீதம் இரண்டு. சக்கரத்தை மாட்டிவிட்டால் இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். புது ரிம் நான்கு வாங்கியிருக்கிறான். பு. படுக்கையில் விழுவதற்கு முன்னால் வாங்கியது; பெட்டி பிரிக்காமல் ஸ்டோர் அறையில் கிடந்தது. அதில் பெரிய பெரிய இடைவெளிகள். உள்ளே இருப்பது வெளியே தெரியும். தெரிவதால் சுத்தமாக இருக்க வேண்டும். அரசாங்க அலுவலகங்களுக்கு இந்தத் தத்துவம் இன்னும் எட்டவில்லை.

நிறங்கள், என் கருத்துடன்:
சிவப்பு. பந்தயக்காரர்கள், தீயணைப்புப் படை.
மஞ்சள். யாராவது கை காட்டி டாக்ஸி என்று நிறுத்துவார்கள்.
சில்வர். சமையலறை.
பச்சை. பேச்சே வேண்டாம்.
கறுப்பு. இருப்பதே தெரியாது. என் ஓட்டு.

எங்கள் வீடுகளில் அப்பாவும் மகனும் நேரே பேசிக்கொள்வது குறைவு. சண்டையெல்லாம் கிடையாது. மரியாதை என்று பெயர். என் அப்பாவோடு நானும் அம்மா வழியாகத்தான் பேசினேன். இந்த வீட்டில் அந்த வேலையை பு. பார்த்தாள். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருவாள், ஹாலிலிருந்து அவன் அறைக்குப் போவாள். எல்லாம் முடிவாகிவிடும். நானும் அதே தொழில்தான். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். சாட்சி தமிழில் சொன்னதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில், பின்னாளில் மலாயில். கூட்டாமல் குறைக்காமல். சாட்சி திட்டினால் நானும் திட்டினேன், அதே வேகத்தில். ஓய்வு பெறும்போது அதற்காகத்தான் பாராட்டினார்கள். திட்டியதற்காக அல்ல, கூட்டாததற்காக.

மாலை ஈப்போவைக் கூப்பிட்டேன்.

"கறுப்புன்னு சொல்லு. யாரு கண்ணுலயும் படாது."

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லு."

ஆகஸ்ட் 3, செவ்வாய்.

மத்தியானம் மழை. அரிசி வாங்கவில்லை. அவன் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டான். குழம்பு குறைவாக, வெண்டைக்காய் தனியாக. எனக்கு இப்படித்தான் பிடிக்கும். அவனிடம் நான் சொன்னதில்லை.

ஆறு மணிக்குச் சாந்தினி. குரல் வேறு மாதிரி.

"அப்பா, அண்ணனுக்கு ஷா ஆலம்ல வேலை வந்திருக்கு. புது ஃபேக்டரி, பெரிய போஸ்ட். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கச் சொன்னான்."

அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம்.

"அவன் இஷ்டம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"அவ்வளவுதான்."

இது என் சொந்த நோட்டு என்பதால் எழுதுகிறேன். அவன் போகக் கூடாது. இந்த வீட்டில் அவன் செருப்புச் சத்தம் ஒன்றுதான் மிச்சம். ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை. முன்பு ஆஸ்திரேலியாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோதும் அவன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். போகவில்லை. பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறான் என்று பு. வந்து சொன்னபோதும் அதே பதில். வாங்கவில்லை. எனக்கு மனமில்லாததை அவன் ஒரு தடவையும் செய்ததில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிற பிள்ளை.

ஆகஸ்ட் 4, புதன்.

முடி வெட்டப் போனேன். கழுத்தில் துணி கட்டியிருந்தால் காது இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் பெஞ்சில் இரண்டு பேர்.

"பொண்டாட்டி போனா புருஷன் ஆறு மாசம்தான்லா. எத்தனை பேரப் பாத்திருக்கேன்."

"இவரு தாங்குவாரு. புஸ்தகம் படிக்கிற ஆளு."

"படிச்சா?"

"படிச்சிக்கிட்டே இருப்பாரு. போனது தெரியாது."

முடிவெட்டுபவர் தொண்டையைக் கனைத்தார். அவர்கள் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அரிசி வாங்கினேன். எந்த அரிசி என்று கடைக்காரர் கேட்டார். வழக்கமாக வாங்குவது என்றேன். எது வழக்கம் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

கார் அப்படியே நிற்கிறது. மூன்று நாளாக அவன் தொடவில்லை. கம்பிப் பிரஷ் தரையில்.

ஆகஸ்ட் 5, வியாழன்.

நானே ஈப்போவைக் கூப்பிட்டேன். காரணம்: துணி கிளிப். பிளாஸ்டிக் வாளியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால் என்றாள். அங்கேதான் இருந்தன. பிறகும் போனை வைக்க முடியவில்லை.

"கறுப்பு வாங்கிட்டானா?"

"இல்லப்பா. அவனுக்குச் சிவப்புதான் ஆசை. நீங்க சொன்னதச் சொன்னேன். அதோட விட்டுட்டான்."

"நான் கலரத்தானே சொன்னேன்."

"யாரு கண்ணுலயும் படாதுன்னும் சொன்னீங்க. அதையும் சொன்னேன். நான் செய்றது எதுவும் அவரு கண்ணுல படக் கூடாதுபோலன்னான். அம்மா போனதுலேர்ந்து அப்பா மாறிட்டாருங்கிறான்."

"நான் எங்க மாறினேன்?"

"முன்னல்லாம் அம்மா வந்து சொல்வாங்களே. ஆஸ்திரேலியா போறேன்னப்ப, அவன் போனா எனக்குச் சோறு எறங்காதுன்னு நீங்க சொன்னீங்களாம். அதனாலதான் அவன் போகல."

"நான் அப்படிச் சொல்லலையே."

"பின்ன என்ன சொன்னீங்க?"

"அவன் இஷ்டம்னு."

அந்தப் பக்கம் அவள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். யாரோ குழாயை மூடினார்கள்.

"மோட்டார் சைக்கிளுக்கு?"

"அதுக்கும் அதான்."

"உன்னய அந்த பைக்ல நெனச்சாலே அப்பாவுக்குக் கை நடுங்குதுன்னு அம்மா சொன்னாங்க. எனக்கே ஞாபகம் இருக்கு. அவன் பரீட்சை ரிசல்ட்?"

"பரவாயில்லைன்னேன்."

"பேப்பர மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஆபீஸ் பூராவும் காட்டினீங்களாம்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்பா, நான் நீங்க சொன்னத அப்படியே சொன்னேன்பா. ஒரு வார்த்த மாத்தல. ஷா ஆலத்துக்கும் அப்படியே சொன்னேன்."

"தெரியும்மா."

"எனக்குத் தெரியாதுப்பா, அம்மா இப்படி..." அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு டீச்சர் குரலில் சொன்னாள்: "நான் இனிமே ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீங்களே அவன்கிட்டப் பேசுங்க."

என் மகள். என் தொழிலை என்னை விட ஒழுங்காகச் செய்கிறாள்.

கோர்ட்டில் யாராவது பு. மாதிரி மொழிபெயர்த்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நானே புகார் எழுதியிருப்பேன். இத்தனை வருஷமும் என் மகனுக்கு ஒரு நல்ல அப்பா இருந்திருக்கிறார். சோறு இறங்காதவர், கை நடுங்குகிறவர், ரிசல்ட்டைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தவர். அவரை நான் சந்தித்ததில்லை. பு.வோடு அவரும் போய்விட்டார். குகன் இரண்டு பேரை இழந்திருக்கிறான். எனக்கு ஒருவர்தான்.

ஆகஸ்ட் 6, வெள்ளி.

விடியுமுன் எழுந்து சொல்ல வேண்டியதைத் தயார் செய்தேன். நீ போக வேண்டாம். மூன்று வார்த்தை. மொழிபெயர்க்கக்கூடத் தேவையில்லை.

அவன் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், ஒரு ஷூவோடு.

"பஸ் வந்துருச்சா?" என்றேன்.

"வரும்பா."

வந்தது. போய்விட்டான்.

பத்து மணிக்கு மேல் டத்தோ கெராமட் ரோட்டில் பெயிண்ட் கடை. கடைக்காரர் கனி, பழக்கமானவர். அவர் ஒரு வழக்கில் சாட்சி சொன்னபோது நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

"என்னண்ணே, வாசக் கேட்டுக்கா?"

"காருக்கு."

"கார்ல எங்க?"

"சக்கரத்துக்கு உள்ள."

அவர் என்னைப் பார்த்தார். துக்கத்தில் இருக்கிற ஆள் என்று நினைவு வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"உள்ள யாரு பாக்கப் போறாங்க, அண்ணே?"

"பிரேக்குக்கு. சூடு தாங்கணும்."

"ஓ, அதச் சொல்லுங்க. சாதாப் பெயிண்ட் கருகிப் போயிரும். இது பாய்லருக்கு அடிக்கிறது." அலமாரியில் தேடினார். "கறுப்பு இருக்கு, சில்வர் இருக்கு, மேரா, அதான் செவப்பு, ஒரே ஒரு டின் இருக்கு. மேரா யாரும் கேக்க மாட்டாங்க. ஒங்க வயசுக்குக் கறுப்பு எடுத்துக்குங்க."

"சிவப்பு குடுங்க."

"சிவப்பா?" மூடியைத் துடைத்தார். "வீட்டுல துக்கம் நடந்து ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள சிவப்பு அடிக்கிறதான்னு யாராச்சும் கேப்பாங்கண்ணே."

"சக்கரத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டுக் கேக்கட்டும்."

சிரிக்கலாமா என்று யோசித்துப் பிறகு சிரித்தார். பிரஷ் இரண்டு, காகித டேப் ஒன்று அவரே எடுத்து வைத்தார்.

எனக்குச் சிவப்பு பிடிக்காது. பு.விடம் கறுப்பு என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவனிடம் போய்ச் சேரும்போது சிவப்பாகியிருக்கும். அதைத்தான் வாங்கினேன்.

அவன் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறான். டின் என் அறையில், கட்டிலுக்குக் கீழே.

ஆகஸ்ட் 7, சனி.

மழை. அவனுக்கு வேலை. கையெழுத்துப் போட்டானா தெரியாது. ஈப்போவைக் கேட்க முடியாது. கடையை மூடிவிட்டாள்.

பிரேக் வேலையை ஏன் ஆரம்பித்தான் என்று யோசித்தேன். பு.வைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாள். அவன் ஓட்டினான். நான் முன்னால். அவள் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் முகத்தைச் சுளித்தாள். வலி என்று நினைத்தேன். பிறகு அவனிடம் சொன்னாள்: "தம்பி, இந்த பிரேக் சத்தம் அப்பாவுக்கு ஆகல. சரி பண்ணிக் குடுத்துடு."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கீச்சென்ற ஒலிகள் என் காதில் விழுவது நின்று பல வருஷம். மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை. அவள் கடைசியாக மொழிபெயர்த்தது அது. நான் சொல்லாதது.

ஆக, அவன் எனக்காகத்தான் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சோறு வைத்தேன். குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு.

மழை விட்டுவிட்டது. காற்றில் ஈரம். பெயிண்ட் காய நேரமாகும்.

டின்னையும் இன்னொரு முக்காலியையும் எடுத்துக்கொண்டு போர்ச்சுக்குப் போனேன். அவன் காருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"சிவப்பு," என்றேன்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கறுப்புன்னு சொன்னீங்களாம்."

"சொன்னேன்."

"சூடு தாங்குமா?"

"பாய்லருக்கு அடிக்கிறதாம்."

"போதும்லா," என்றவன், கூட்டாளியிடம் பேசுவதுபோல் வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "போதும்பா," என்றான்.

வேலை எனக்கும் கொடுத்தான். முதலில் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது. பிறகு டேப் ஒட்டுவது.

"இந்த ரப்பர்ல படக் கூடாதுப்பா. இந்தச் சின்ன நிப்பிள்லயும் படக் கூடாது. தட்டுல பட்டா பிரேக் பிடிக்காது."

"எங்க படலாம்?"

"மிச்ச எடத்துல."

மிச்ச இடம் அதிகமில்லை. அவன் மேல்பக்கம், நான் கீழ்ப்பக்கம். என் பக்கம் இரண்டு இடத்தில் வழிந்தது. அவன் தன் பிரஷ்ஷால் இழுத்து விட்டான். பக்கத்து வீட்டில் ரேடியோ. ஐஸ்கிரீம்காரனின் மோட்டார் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. முதல் பூச்சு முடிந்தது. எதிர்பார்த்ததை விடச் சிவப்பு.

"ஷா ஆலம் போக வேண்டாம்," என்றேன். "இங்கயே இரு."

அவன் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. அதன் நுனியில் பெயிண்ட் திரண்டு தரையில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன்பா."

"ம்."

"இங்கயும் லெட்டர் குடுத்தாச்சு. என் எடத்துக்கு வேற ஆளும் முடிவு பண்ணிட்டாங்க. மாசக் கடைசில போகணும்."

"மாத்த முடியாதா?"

"முடியாதுப்பா." சொட்டியதைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். "என் இஷ்டம்னு நீங்க சொல்லிட்டீங்கன்னு..."

"சொன்னேன்."

"ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"கார் இங்கயே இருக்கட்டும். ஒங்களுக்கு வேணும். நான் பஸ்ல போயிக்கிறேன்."

பிரஷ்களைத் தின்னரில் முக்கினான். நான் டின்னை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. அவன் வாங்கித் திருப்புளியின் பிடியால் சுற்றிலும் தட்டி மூடினான். எழுந்து உள்ளே போவான் என்று நினைத்தேன். போகவில்லை. காலிப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா."

"ம்."

"எனக்கு எஞ்சினியரிங் கெடச்சப்ப, நீங்க தண்ணீர்மலைக்குத் தனியாப் போயி என் பேருல அர்ச்சனை பண்ணீங்கன்னு அம்மா சொல்வாங்க. மழையில. பேரு, நட்சத்திரம் எல்லாம் சொல்லி."

கோவிலுக்குப் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிறவன் நான். அவன் நட்சத்திரம் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆமா," என்றேன். "நல்ல மழை."